பாலத்தடியில் பச்சைச் சட்டைக்காரன்

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். இப்போது பிள்ளைகள் ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டங்களில், எங்கே போக வேண்டும் என்று திரையிலேயே ஒரு மஞ்சள் கோடு காட்டிவிடுகிறது. என் மகன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறான். வழியில் நிற்கிற ஆளின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நாம் ஆடியபோது கோடு ஏது? வழியில் நிற்கிற ஆளிடம் போய்க் கேட்க வேண்டும். அவன் சொல்வதை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அக்காவும் நானுமாக ஆடியதில் எழுதியவள் நான். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

வருகிற வருஷம் எனக்கு நாற்பது. முன் வகிட்டில் சாயம் பூசுகிறேன். இருந்தாலும் ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்துக்கு அடியில் போக்குவரத்து நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டால், இன்றைக்கும் சீட்டின் நுனிக்கு வந்து, போகலாமா என்று கேட்கிறேன். டிரைவர் என்ன அவசரம் என்பதுபோல் கண்ணாடியில் பார்ப்பார். அவசரம் ஒன்றும் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். செகண்ட் பி.யூ.சி., சயன்ஸ். கன்னட ஊரில் ப்ளஸ் டூவுக்கு அந்தப் பெயர். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் சந்தில் எங்கள் வீடு. ஒரே அறை, அதன் மூலையில் சமையல். அப்பா தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கிறவர். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர், எந்தக் குழாய் எதன் அடியில் ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மா கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் காலர் தைத்தாள்.

அக்காவுக்குக் கன்னடம் மட்டும் உதைத்தது. பேசுவாள், சண்டைகூடப் போடுவாள், எழுதச் சொன்னால், எழுத்துக்கு அடியில் எழுத்தாக வரும் ஒத்தெழுத்து எல்லாம் குழம்பிவிடும். அதனால் இரண்டு தெரு தள்ளி இருந்த ரிட்டயர்டு கன்னட டீச்சரிடம் டியூஷன். மிஸ் என்றுதான் தெருவே கூப்பிடும். வயசுப் பெண் தனியாகப் போக வேண்டாம் என்று என்னையும் கூட அனுப்பினார்கள். மிஸ் தனியாக இருந்தார். ஒரே மகன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். போகும்போது தன் கம்ப்யூட்டரை உள் அறையில் விட்டு, தினமும் கொஞ்ச நேரம் ஆன் பண்ணாவிட்டால் கெட்டுவிடும் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போனான். மிஸ்ஸுக்கு அதைத் தொடவே பயம்.

"பாடம் ஒன் அவர். ஆமேலே அதன்ன ஆன் மாடி, ஏனாதரு ஆடிக்கொள்ளி," என்றார் ஒரு நாள். அப்புறம் அதை ஆன் பண்ணி எதையாவது ஆடிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அனுமதி. சொல்லிவிட்டு அவர் கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

மானிட்டருக்கும் சிபியூவுக்கும் பூ எம்பிராய்டரி போட்ட துணி உறை. எடுத்தால் நாஃப்தலின் வாசனை. மேஜை டிராயரில் ஸ்கெட்ச் பேனாவால் மகன் எழுதி வைத்த சிடிக்கள் இருந்தன. அதில் ஒன்றைப் போட்டபோது திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு மழைச் சத்தம் கேட்டது. மெல்ல ஒரு சாம்பல் நிறக் கரை தெரிந்தது. ஓர் ஆறு, அதன்மேல் கல் பாலம், தூரத்தில் ஒரு கோட்டை ஊர். உனக்கு என்ன பெயர் என்று திரை கேட்டது. அக்கா தனக்கு வைத்துக்கொண்ட பெயரை நான் இப்போதும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த ஆட்டத்தில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கமும் நடக்கலாம். எந்தக் கதவையும் தட்டலாம். கடைக்காரனிடம் பேசலாம், திருடலாம், மலை மேல் ஏறி வெயில் சாய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம். எங்கள் வீட்டில் அக்கா பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட எத்தனை நிமிஷம் என்று கணக்கு இருந்தது. அங்கே அவள் யாரையும் கேட்காமல் நாள்கணக்கில் நடந்தாள்.

எனக்கோ அங்கே எல்லாமே பயம். பொழுது சாய்ந்தால் ஓநாய்கள் வரும். வருவதற்கு முன் பறவைச் சத்தம் நின்றுவிடும். அந்த அமைதி வந்ததும் நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். "கைய விடுடி, மவுசு ஆடுது," என்பாள். அவள் உள்ளங்கையும் ஈரமாகத்தான் இருக்கும். திடீரென்று கரண்ட் போய் யூபிஎஸ் கூவத் தொடங்கும். மூன்று நிமிஷத்துக்குள் சேவ் பண்ண வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் வருகிறதா, கடிகாரம் ஆறைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரு கண் ஓநாய் மேல், ஒரு கண் கடிகாரத்தின் மேல்.

இன்னொரு வேலை, எழுதுவது. ஊர்க்காரர்கள் இங்கிலீஷில் வழி சொல்வார்கள். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, அட்டை போட்ட என் ஜாக்ரஃபி நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதுவேன். அந்தப் பெயர்களெல்லாம் எனக்கு வாயிலும் நுழையவில்லை, கையிலும் வரவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். தாடிக்காரர், மாவு மில் அம்மா, பச்சைச் சட்டைக்காரன். அவர்கள் ஊரின் கிழமைகளுக்கும் நம் கிழமைகளையே வைத்துக்கொண்டோம். வலப்பக்கத்துத் தாளில் அக்கா மேப் வரைந்தாள். ஆறு, பாலம், மார்க்கெட், கோயில்.

பச்சைச் சட்டைக்காரன் ஒரு படகோட்டி. ஒரு மோதிரத்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தால் பெரிய தீவுக்கு ஏற்றிக்கொண்டு போவான். அந்த மோதிரத்தைத் தேடியே எங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. கிடைத்த அன்று நான் எழுதியது இன்றைக்கும் வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது:

'மோதிரம் நம்மிடம் வந்துவிட்டது. பச்சைச் சட்டைக்காரன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவான். பொழுது சாய்வதற்கு முன் பாலத்துக்கு அடியில் நிற்பான். மோதிரத்தைக் கொடுத்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போனால் திரும்பி வர முடியாது. அதனால் வேண்டியதையெல்லாம் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது.'

படித்துப் பாருங்கள். ஒரு தகப்பன் இதை என்னவென்று படிப்பான்?

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் பெரியப்பா மகள் காலேஜுக்குப் போகிறேன் என்று போய், திரும்பி வரவில்லை. வேறு ஜாதிப் பையனோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. பெரியப்பா அதோடு வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து, சாப்பிடாமலே கை கழுவினார். பிறகு அக்காவைப் பார்க்கும்போது அவர் கண்ணில் ஏதோ ஒன்று வந்து குடியேறியது. கோபம் இல்லை. எண்ணிப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

அந்தச் சமயத்தில்தான், "டியூஷன் இன்னாத்துக்கு ரெண்டு மணி நேரம்?" என்று கேட்டார். அக்கா கண்ணிமைக்காமல், "எக்ஸாம் வருதில்லப்பா, ரெண்டு மணி நேரமும் பாடம்தான்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. அன்று மாலை வழியில் என்னை நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னாள். யார் கேட்டாலும் இரண்டு மணி நேரமும் பாடம்தான். கம்ப்யூட்டர் ரூம் பூட்டி இருக்கும். நாம் அதைத் தொட்டதே இல்லை. நான் மூன்று தடவை தப்பில்லாமல் சொன்னேன். "சாமி மேல சத்தியம்?" என்றாள். சத்தியம் செய்தேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை, ஏதோ லெட்டர் எழுத அப்பாவுக்கு வெள்ளைத்தாள் தேவைப்பட்டது. அன்று ஜாக்ரஃபி இல்லாததால் வீட்டிலேயே விட்டுப் போயிருந்த என் நோட்டை எடுத்தார். நோட்டின் பின்பக்கம் விரிந்தது.

ஸ்கூலிலிருந்து நான் வந்தபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அம்மா வாசல் குழாயடியில் நின்றாள். கையில் குடம் இருந்தது. ஆனால் அது நிரம்பி வழிவதை அவள் பார்க்கவில்லை. உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. அக்காவின் குரல் இடையிடையே வந்தது. பிறகு கதவு திறந்தது. அப்பா வெளியே வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் கையில் என் நோட்டு.

"உன் எழுத்துதானே இது?"

"ஆமாப்பா."

"மிஸ்ஸு வூட்ல பாடத்தத் தவிர வேற இன்னா நடக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு மணி நேரமும் பாடம்தான்."

"கம்ப்யூட்டரு?"

"அந்த ரூமு பூட்டி இருக்கும்பா. நாங்க தொட்டதே இல்ல."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கதவு நிலையில் அக்கா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா எழுந்து அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? கேமாம், கம்ப்யூட்டராம். என்ன இன்னா மெண்டல்னு நெனச்சியா? சொல்லு. எவன்டி அவன் பச்சச் சட்ட?"

உள்ளே அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஆட்டம், மிஸ், பொய் சொன்ன அந்த ஒரு மணி நேரம், எல்லாம். அதை உறுதி செய்துகொள்ளத்தான் அப்பா வெளியே வந்து என்னைக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஆட்டம் கார் ஓட்டுவது, பந்தடிப்பது. மோதிரம் கொடுத்து ஓடிப்போகிற ஆட்டம் உண்டு என்று அவர் எப்படி நம்புவார்? சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்தார்.

புரிந்ததும் நான் அழுதுகொண்டே அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "அப்பா, அக்கா சொன்னதுதான் நிஜம்பா. நான்தான் பொய் சொன்னேன்." அப்பா என் தலையைத் தடவினார். "அவ கண்ணக் காட்டிட்டாளா?" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது அக்கா சொல்லிக்கொடுத்ததாகவே ஆனது.

மிஸ் வீட்டுக்கு இரண்டு தெரு நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து நானும் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்த பிறகுதான், அப்பா ஏன் போகவில்லை என்பது விளங்குகிறது. கேட்க வேண்டுமென்றால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் ஓடப் பார்க்கிறாள் என்பதை ஓர் அந்நிய வீட்டு வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் வீட்டுக் கதவு அவர் கண்முன் நின்றிருக்கும்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் காலேஜ் கிடையாது, டியூஷன் கிடையாது. அம்மா ஃபாக்டரிக்கு லீவு போட்டுக் காவல் இருந்தாள். அப்பா எஸ்டிடி பூத்துக்குப் போய் ஓசூர் அத்தைக்கு போன் பண்ணினார். அத்தைக்குத் தெரிந்த இடத்தில் ஒரு மாப்பிள்ளை இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஃபிசிக்ஸ் புத்தகத்தை மடியில் வைத்திருப்பாள். பக்கம் திரும்பாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் ஒவ்வொரு சத்தமும் பெரிதாகக் கேட்ட வாரம் அது. தட்டை வைக்கிற சத்தம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று நான் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா தினமும் அந்த மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டினார். குழாய்ப் படங்களைப் பார்த்துப் பழகிய மனிதர். "இது ரயில்வே லைனு. இது மார்க்கெட்டு. இது நம்ம கோயிலு. அப்போ இது ஒக்கலிபுரம் பிரிட்ஜுதான்," என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா வரைந்த ஆறு அவருக்கு ரயில் பாதையாகத் தெரிந்துவிட்டது. யாராலும் அதை மாற்றியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்கு நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என்னை சைக்கிளின் முன்பாரில் ஏற்றிக்கொண்டார்.

"அவன நீ காட்டு, போதும். உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அங்க யாரும் வரமாட்டாங்கப்பா."

"ஏன், வராதேன்னு சொல்லி அனுப்பிட்டாளா?"

நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது.

பாலத்தடியில் வெயில் காலத்திலும் மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பஸ்கள் உள்ளே நுழைந்ததும் ஹாரன் அடிக்கும். மேலே ரயில் போனால் நெஞ்சுக்கூடு அதிரும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நாங்கள் நின்றோம். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு எண்ணுவதற்குள் யாரும் வந்து நிற்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவோம். நூறு முடிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

அப்போது ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு வயர் கூடை. வந்து எதிர்ச் சுவரோரம் நின்று வாட்ச்சைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். பச்சைச் சட்டை. அப்போது எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. இப்போது யோசித்தால் அது வெளுத்துப்போன நீலமாகவும் இருந்திருக்கலாம். பாலத்தடி இருட்டில் எதுவுமே சரியாகத் தெரியாது.

"இவனா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. இல்லப்பா. யாருமே இல்லப்பா."

அதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார். மேலே ரயில் வந்தது. அவர் ஏதோ கேட்பது தெரிந்தது. அந்த ஆள் புரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அப்பாவை என்னவோ செய்துவிட்டது. எங்கள் அப்பா தெருவில் ஒரு நாயைக்கூடக் கல்லால் அடித்ததில்லை. அவர் கை ஓங்கியதைப் பார்த்தேன். கண்ணாடி பறந்து தண்ணீரில் விழுந்தது. கூடை கவிழ்ந்து, எவர்சில்வர் கேரியர் திறந்து, சோறும் ரசமும் ரோட்டில் கொட்டின.

ரயில் போனதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ, "கள்ளனா?" என்று கன்னடத்தில் கேட்டார்கள். திருடனா என்று கேட்டதுதான் தாமதம், பதிலுக்குக் காத்திராமல் இரண்டு பேர் அந்த ஆளின் காலரைப் பிடித்தார்கள். ஒருவன் முதுகில் குத்தினான். அப்போதுதான் நான் கத்தினேன். என் குரல் பாலத்தின் கீழ் எனக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது.

"அப்பா, அது கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளுப்பா! நெஜ ஆளே இல்லப்பா! அவர வுடச் சொல்லுப்பா!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். உடனே அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து, அந்த ஆளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். "பிடி, பிடி, நன் தப்பு, நன் தப்பு," என்று கன்னடத்தில் கத்தினார். விடுங்கள், தப்பு என்னுடையது என்று. அவர் முதுகில் இரண்டு அடி விழுந்தது. மெல்லக் கூட்டம் கலைந்தது.

அந்த ஆள் குனிந்து கண்ணாடியைத் தேடினார். ஒரு பக்கம் உடைந்திருந்தது. கேரியர் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிர்ந்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி, "யாக் சார் ஹொடெத்ரி?" என்றார். ஏன் சார் அடித்தீர்கள்? அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். வண்டியில் வந்தவன், "ஆஸ்பத்ரி டைம் ஆய்த்து," என்று, பார்வை நேரம் முடியப் போவதைச் சொல்லி அவசரப்படுத்தினான். காலிக் கூடையோடு ஏறிப் போய்விட்டார்.

அப்பா ரோட்டில் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் அதன் மேல் ஏறிப் போயிற்று. நோட்டு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. நாங்கள் தேடவும் இல்லை.

நேராக மிஸ் வீட்டுக்குப் போனோம். அப்பா வாசலில் நின்று முழுவதையும் சொன்னார். நான்கு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்ததை இப்போது கோர்வையில்லாமல் கொட்டினார். மிஸ் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துணி உறையை எடுத்தார். நான்தான் ஆன் பண்ணினேன். அக்கா கடைசியாக சேவ் பண்ணிய இடம் வந்தது. மழை, ஆறு, கல் பாலம். பாலத்தின் கீழே, பச்சைச் சட்டையில், படகோரம் அவன் நின்றிருந்தான். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"இவன்தானா?"

"ஆமாப்பா."

அப்பா திரையை விரலால் தொட்டார். கண்ணாடியில் மின்சாரம் படபடவென்று பொரிந்தது. கையை எடுத்துக்கொண்டார். மிஸ் கன்னடத்தில், ஒரே ஒரு தடவை வந்து என்னைக் கேட்டிருக்கலாமே என்றார். அதட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஓசூருக்கு போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடறேன். அவள நாளைலேர்ந்து காலேஜ் போவச் சொல்லு," என்றார். ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் வருவாள், கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போயிற்று. அப்பா தினமும் டியூட்டி முடிந்ததும் நேராக ஒக்கலிபுரம் பாலத்துக்குப் போய் நின்றார். அந்த ஆள் மறுபடி அந்த வழியாக வருவார், பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வருவார். அந்த ஆள் வந்தாரா என்று அம்மா கேட்பாள். இல்லை என்பார். "யாருக்கு எடுத்துட்டுப் போன சோறோ," என்பார். காலையில் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்துக் கன்னடத்தில் முணுமுணுப்பார். "தப்பாய்த்து சார். க்ஷமிஸ்பிடி." தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள். கன்னடம் அவருக்குச் சரளமாக வரும். இருந்தும் அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்கா பிறகு அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை. மோதிரம் எங்களிடமே நின்றுவிட்டது. மிஸ்ஸின் மகன் வந்தபோது கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டான். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள், அன்றைக்கு நான் சொன்ன பொய்யைப் பற்றி அக்காவிடம் பேச்செடுத்தேன். பாதியிலேயே நிறுத்தி, "நான் சொல்லிக் குடுத்ததத்தானே நீ சொன்னே," என்றாள். அது மன்னிப்பா, இல்லை நடந்ததை வெறுமனே சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மறுபடி கேட்கப் பயமாக இருக்கிறது.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை. ஐந்தரை மணி இருக்கும். அக்கா புத்தகத்தை மூடினாள். அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாடி," என்று என் கையைப் பிடித்தாள். அந்த மூன்று வாரத்தில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான். நடந்தே போனோம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அப்பா அதே சுவரோரம் நின்றிருந்தார். காக்கிச் சட்டையில் மேலிருந்து சொட்டிய ஈரம். போகிற வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் உற்றுப் பார்த்தார். சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் பக்கத்தில் வந்து நின்றதைக் கொஞ்ச நேரம் அவர் கவனிக்கவே இல்லை. திரும்பியபோது அக்காவைப் பார்த்தார். பதறி, வந்த வழியை எட்டிப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று. பிறகு அவர் உதடு அசைந்தது. தமிழில் மகளிடம் அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கைவசம் பழக்கி வைத்திருந்தது ஒன்றுதான்.

"தப்பாய்த்துமா," என்றார். "க்ஷமிஸ்பிடி."

முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு, மன்னித்துவிடுங்கள் என்று, பதினேழு வயது மகளிடம். மேலே ரயில் எதுவும் வரவில்லை. ஆகவே தெளிவாகவே கேட்டது.

அக்கா சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை நிமிர்த்தினாள். ஸ்டாண்டைத் தட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நாளைக்கு முதல் பேப்பர் கன்னடம்ப்பா," என்றாள். "அஞ்சு மணிக்கு எழுப்பு."